டீச்சர் பதில்கள்: அம்மாவின் விசாவும் பிள்ளையின் வயிற்று வலியும்

போன இதழில், துபாயில் வளரும் பேத்தி யாரோடும் பேச மாட்டேன் என்கிறாள் என்று ஒருவர் கேட்டதற்கு நாலு வரிதான் பதில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. நாடு வேறு, விசா வேறு, ஆனால் ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி: பிள்ளை ஏன் இப்படி ஆனான், தாய் சரியாக வளர்க்கவில்லையா? இந்தக் கேள்வி மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: என் மகள் கல்யாணமாகி அமெரிக்கா போய் ஒன்பது வருஷம் ஆகுது. மாப்பிள்ளை சாப்ட்வேர். பேரன் அங்கதான் பிறந்தான், ஏழு வயசு. நல்லாத்தான் இருந்தான். இப்போ ராத்திரி தனியாப் படுக்க மாட்டேங்கான், ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்குன்னு அழுகான், அவன் அப்பா ஆபீஸ்ல இருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசல்லயே நிக்கான். டாக்டர் பார்த்துட்டு வயித்துல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார். சம்பந்தி வீட்ல, "வேலைக்கும் போகாம வீட்லதான இருக்கா, ஒத்தைப் பிள்ளையை வளர்க்கத் தெரியலையா"ன்னு பேசுதாங்க. டீச்சர், என் மகள் எம்.இ. படிச்சவ. போன்ல குரல் கேட்டாலே அழுதுருதா.
— ஒரு ஆச்சி, மகாராஜ நகர், பாளையங்கோட்டை

பதில்: அம்மா, சம்பந்தி வீட்டாருக்கு முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். உங்கள் மகளுக்கு வேலைக்குப் போக அங்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம். மாப்பிள்ளை எச்1பி என்கிற வேலை விசாவில் இருந்தால், மனைவி என்கிற முறையில் மகளுக்குக் கிடைப்பது எச்4. அதில் படிக்கலாம், கார் ஓட்டலாம், ஆனால் சம்பளம் வாங்கி ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. 2015 மே மாதத்திலிருந்துதான் ஒரு வழி திறந்தது. அதுவும் பெரும்பாலும் கணவருடைய கிரீன் கார்டுக்காக, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக, அவர் கம்பெனி போடும் ஐ-140 மனு அங்கீகாரம் ஆகியிருந்தால்தான் மனைவி வேலை அனுமதி கேட்க முடியும், கிடைத்த அனுமதியையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், புதுப்பிப்பு வரத் தாமதமானால் கையில் இருக்கும் வேலை போய்விடும். கிரீன் கார்டு கதை இன்னும் நீளம். வேலை வழியாகக் கொடுக்கும் கிரீன் கார்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருஷத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. நம் நாட்டிலிருந்து போய் வரிசையில் நிற்பவர்கள் லட்சக்கணக்கில். அதனால் பத்து வருஷம் காத்திருப்பது அங்கே சாதாரணம், அதற்கு மேலும் காத்திருக்கிறார்கள்.

நடுவில் மாப்பிள்ளைக்கு வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். 2025 செப்டம்பரில் புது எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தார்களே, அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று தெளிவாவதற்குள் ஊருக்கு வந்திருந்தவர்களெல்லாம் விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினார்கள். அதே வருஷம் ஜனவரி 20 அன்று, தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார், கோர்ட்டுகள் அதை நிறுத்தி வைத்தன. முன்பே பிறந்த உங்கள் பேரனுக்கு அது பொருந்தாது. ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றிப் பேசாமல் இருந்திருப்பார்களா?

அந்தப் பையனின் இடத்திலிருந்து பாருங்கள். ஒரே வீட்டில் அவன் மட்டும் அந்த நாட்டுக் குடிமகன், அப்பா வேலையை நம்பி இருப்பவர், அம்மா அப்பாவின் விசாவை நம்பி இருப்பவள். "ஸ்டாம்பிங்", "லே-ஆஃப்", "60 நாள்" என்று காதில் விழுகிறது. அர்த்தம் புரியாது, அம்மா முகம் மாறுவது மட்டும் நன்றாகப் புரியும். அப்பா வரத் தாமதமானால் வாசலில் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரி போதும். அப்பாவின் வேலையோடு தன் வீடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான். வயிற்று வலி நடிப்பு கிடையாது, பயந்த பிள்ளைக்கு நிஜமாகவே வலிக்கும்.

மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவனை உட்கார வைத்து, அவன் வயதுக்குத் தக்கபடி, உண்மையைச் சொல்ல வேண்டும். "அப்பாவுக்கு இந்த வேலை போனா வேற வேலை தேடுவோம். கிடைக்கலைன்னா எல்லாரும் சேர்ந்து ஆச்சி வீட்டுக்குப் போவோம், அங்க ஸ்கூல் இருக்கு, உன்னை விட்டுட்டு யாரும் எங்கயும் போக மாட்டோம்." இதை ஒரு தடவை சொன்னால் போதாது, அவன் கேட்கும்போதெல்லாம் அலுக்காமல் சொல்ல வேண்டும். எந்த வழியில் போனாலும் நாம் சேர்ந்து இருப்போம் என்று தெரிந்த பிள்ளை தூங்கிவிடும். அங்கே பள்ளிக்கூடங்களில் ஆலோசகர் இருப்பார்கள், அவரிடம் பேசுவதற்கும் விசாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பயப்படாமல் பேசச் சொல்லுங்கள். மகளுக்கும் வீட்டைத் தாண்டி ஒன்று வேண்டும். எச்4ல் படிக்கலாம் என்றேனே, விட்ட படிப்பைத் தொடரலாம், நூலகத்தில், கோயிலில், தமிழ்ப் பள்ளியில் தன்னார்வமாக ஏதாவது செய்யலாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீடியோவில் கூப்பிடும்போது பேரன் காதில் விழும்படி "கிரீன் கார்டு எப்பம்மா வரும்" என்று கேட்காதீர்கள். சம்பந்தியம்மாவை நேரில் போய்ப் பார்த்து இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். மருமகளைக் குறை சொல்லச் சொல்ல அவள் முகம் வாடும், அந்த முகத்தைத்தான் அவர்கள் பேரன் காலையில் எழுந்ததும் பார்க்கிறான்.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) படிக்கிறேன். அம்மாவின் குடியேற்ற நிலை பிள்ளைகளின் நடத்தையைப் பாதிக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். இது எல்லா இனத்தவருக்கும் ஒரே மாதிரி இருக்குமா? ஆசியப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை குறைவு என்கிறார்களே, அது நம் வளர்ப்பு முறையாலா? ப்ராஜக்ட்டுக்கு இதை எடுக்கலாமா?
— மாணவி, அபிஷேகப்பட்டி

பதில்: எடுக்கலாம் மகளே, ஆனால் கொஞ்சம் நிதானமாக எடுக்க வேண்டிய தலைப்பு. இந்தக் கேள்விக்கு நான் நீளமாகத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நடத்தையை எப்படி அளக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கு. ராபர்ட் குட்மேன் 1997ல் வெளியிட்ட 25 கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. பயம் கவலை, முரட்டுத்தனம், ஓரிடத்தில் நிலைகொள்ளாமை, சக பிள்ளைகளோடு ஒட்டாமை, பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து தலைப்பில் கேட்பார்கள். பொதுவாகப் பிரச்சினைகளை இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம்: வெளியே வெடிப்பது, உள்ளே புழுங்குவது. அடிக்கிற பிள்ளை, பொருளை உடைக்கிற பிள்ளை முதல் வகை. வயிறு வலி, தூக்கமின்மை, பேச்சுக் குறைவு, ஒதுங்கி உட்காருவது இரண்டாம் வகை. முதல் வகை ஆசிரியர் கண்ணில் உடனே படும். இரண்டாம் வகையை "நல்ல பிள்ளை, சத்தமே போடாது" என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவோம்.

அமெரிக்க ஆராய்ச்சிகளில் பல காலமாக ஒரு ஆச்சரியம் பேசப்படுகிறது. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள், வறுமை, மொழி தெரியாமை எல்லாம் இருந்தும், பல அளவைகளில் அங்கேயே பல தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளைவிட முரட்டுத்தனம் குறைவாகக் காட்டுகிறார்கள். ஆசியப் பிள்ளைகள் விஷயத்தில் நடத்தைக்கு ஆசிரியர்கள் கொடுக்கும் மதிப்பெண்ணில் இது நன்றாகவே தெரியும். இதைப் பார்த்துவிட்டு நம் வளர்ப்பே வளர்ப்பு என்று மார்தட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. உள்ளே புழுங்குவதை யார் அளந்தார்கள், பதில் சொன்னது டீச்சரா அம்மாவா என்று கேட்க வேண்டும். பயந்து கிடக்கும் ஒரு தாய், படிவத்தோடு வந்தவரிடம் "என் பிள்ளைக்குப் பிரச்சினை இருக்கிறது" என்று வாய் திறப்பாளா?

அப்புறம், "குடியேறியவர்" என்று மொத்தமாக ஒரு கூடையில் போட்டால் முக்கியமானது மறைந்துவிடும். பேப்பர், அதாவது அங்கே தங்கச் சட்டப்படியான அனுமதி, இருக்கிறவர், இல்லாதவர் என்று பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு 2015ல் வந்தது. ஒரே இனம், ஒரே நகரம். ஆனால் பேப்பர் இல்லாத தாய்மாரின் பிள்ளைகளுக்கு இரண்டு வகைப் பிரச்சினைகளும் அதிகம், சட்டப்படி இருக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் குறைவு. வளர்ப்பு முறை, சாப்பாடு, மொழி, சாமி எல்லாம் ஒன்றாக இருக்கும்போதே இந்த வித்தியாசம் வருகிறது என்றால் அதை இனத்தின் மேல் எப்படிப் போட முடியும்?

சரி, பேப்பர் இல்லாதவர்கள் ஏழைகளாகவும் இருப்பார்கள், ஏழ்மைதான் காரணமோ என்று நீ கேட்கலாம், கேட்க வேண்டும். அதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017ல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. 2012 ஜூன் 15ல் ஒபாமா அரசு டாகா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சின்ன வயதில் பேப்பர் இல்லாமல் வந்துவிட்டவர்களைத் தற்காலிகமாகத் திருப்பி அனுப்ப மாட்டோம், வேலையும் செய்யலாம் என்பது திட்டம். ஆனால் அந்தத் தேதியில் 31 வயது நிரம்பியிருக்கக் கூடாது. அதாவது 1981 ஜூன் 16லோ அதற்குப் பிறகோ பிறந்தவளுக்குக் கதவு திறக்கும், கொஞ்சம் முன்னால் பிறந்தவளுக்குத் திறக்காது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற தாய்மாருக்குள் வேறு எந்தப் பெரிய வித்தியாசமும் இல்லை, பிறந்த தேதிதான். ஒரிகன் மாநிலத்து மருத்துவப் பதிவுகளை எடுத்து அவர்களின் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பதற்றம், சூழ்நிலையோடு ஒத்துப்போக முடியாமை ஆகிய கோளாறுகள் கண்டறியப்பட்ட பிள்ளைகள், கதவு திறக்காத தாய்மார் பக்கம் 7.8 சதவீதம், திறந்த பக்கம் 3.3 சதவீதம். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், அவர்களுடைய பேப்பரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது அம்மாவின் பேப்பர். நான் இத்தனை வருஷமாகப் படித்ததில் என்னை அதிகம் உலுக்கிய கட்டுரை இதுதான், வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற எல்லாரும் இதை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன அடையாளம் எங்கே வந்து சேருகிறது என்று கேட்டால், அரசாங்கமும் ஊராரும் ஒரு கூட்டத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்கிற இடத்தில்தான். 2008 மே 12 அன்று அயோவா மாநிலம் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரில், இறைச்சித் தொழிற்சாலைக்குள் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து 389 பேரைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் அந்த மாநிலத்தில் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் எடை குறைந்து பிறக்கும் அபாயம், முந்தைய வருஷம் அதே காலத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. பேப்பர் பக்காவாக இருந்த, அமெரிக்காவிலேயே பிறந்த லத்தீன் தாய்மாருக்கும் கூடியது, வெள்ளைக்காரத் தாய்மாருக்குக் கூடவில்லை. பேர், நிறம், பேச்சு ஆகியவற்றைப் பார்த்துச் சந்தேகப்படுகிற இடத்தில், பேப்பர் இருந்தாலும் வயிற்றுக்குள் பயம் புகுந்துவிடுகிறது.

நியூயார்க்கில் ஹிரோகாசு யோஷிகாவா என்கிற ஆராய்ச்சியாளர் மெக்சிகோ, டொமினிகன், சீனக் குடும்பங்களை அருகிலிருந்து பார்த்து 2011ல் எழுதினார். மூன்று கூட்டத்துக்கும் மூன்று விதமான கஷ்டம். டொமினிகன்காரர்களுக்கு அந்த நகரத்தில் பழைய சொந்தபந்தம் உண்டு, பேப்பர் உள்ளவர்களும் அதிகம், யாரையாவது கேட்டு விவரம் தெரிந்துகொள்ளலாம். மெக்சிகோக்காரர்களில் பலருக்கு அந்தத் துணை இல்லை. சீனாவின் புஜியான் பகுதியிலிருந்து வந்தவர்கள் கூட்டி வந்த ஏஜெண்டுக்குப் பெருங்கடன் பட்டவர்கள், அதை அடைக்க ராப்பகலாக உழைக்க வேண்டியிருப்பதால் கைக்குழந்தையை ஊருக்கே அனுப்பித் தாத்தா பாட்டியிடம் வளர்க்கச் சொல்கிறார்கள். ஆக, "எந்த இனம்" என்று ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்தாதே. என்ன பேப்பர், யார் மேல் எவ்வளவு கடன், ஆபத்துக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள், பிள்ளை யார் மடியில் தூங்குகிறது என்று கேள். இதை நம் மாவட்டத்திலேயே செய்யலாம், வளைகுடாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. ஆனால் பேர், கதவு எண் எதையும் படிவத்தில் எழுதாதே, துறைத் தலைவரிடமும் சொல்லி வை. அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்த மக்கள் அவர்கள்.

கேள்வி: பிள்ளை ராத்திரி அலறுகிறது, வெளிநாட்டிலிருந்து வந்ததிலிருந்துதான். பாடம் போடலாமா, கயிறு மந்திரித்துக் கட்டலாமா?
— ஒரு தகப்பனார், கடையநல்லூர் பக்கம்

பதில்: உங்கள் நம்பிக்கை, தாராளமாகச் செய்யுங்கள், அதில் வீட்டுக்கு ஒரு தெம்பு வரும். பிள்ளை காதுபட "உன்னை ஏதோ பிடிச்சிருக்கு" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. கயிறு கட்டின கையோடு டாக்டரையும் பாருங்கள்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் சவுதி தம்மாம்ல இருக்காங்க. நானும் மூணு பிள்ளைகளும் அங்கதான் இருந்தோம், போன வருஷம் எக்ஸிட் அடிச்சு ஊருக்கு வந்துட்டோம், ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டி மாளலை. மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயசு. அங்க அமைதியா இருந்த பையன். இங்க வந்து தங்கச்சியை அடிக்கிறான், சாமானை எறியுறான், வாப்பா போன் பண்ணா பேச மாட்டேங்கான். ஸ்கூல்ல தமிழ் எழுத வரலைன்னு கீழ் வகுப்புல போடப் பார்த்தாங்க. என் தம்பி ரெண்டு அடி போட்டுத் திருத்தணும்கான். குணமே கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு.
— ஒரு தாய், மேலப்பாளையம்

பதில்: குணம் எங்கேயும் போகவில்லை அம்மா. ஊர் மாறி, வீடு மாறி, கூட்டாளிகள் போய், வாப்பாவும் பக்கத்தில் இல்லாமல் போனால் பன்னிரண்டு வயதுப் பையன் வேறு எப்படி இருப்பான்?

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவுதி அரசு 2017 ஜூலையிலிருந்து, வெளிநாட்டு வேலையாள் தன்னோடு வைத்திருக்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் போட்டது. வருஷத்துக்கு 100 கூட்டிக் கூட்டி 2020ல் 400 ஆக்கியது. இந்த அம்மா குடும்பத்தில் மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் 1600 ரியால். நடுத்தரச் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? நெல்லையிலும் தென்காசியிலும் இந்தக் கட்டணத்தால் வாப்பாவை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பிய வீடுகள் எத்தனையோ.

இந்தக் கட்டணம் ஆள் கணக்கு என்பதை உங்கள் மகனும் கேட்டிருப்பான். "ஆளுக்கு இவ்வளவு" என்று வீட்டில் பேசும்போது தன் தலைக்கும் ஒரு விலை உண்டு, தன்னால்தான் வாப்பாவுக்குச் செலவு, அதனால்தான் அனுப்பிவிட்டார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வாப்பாவோடு பேச மாட்டேன் என்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அதனால் வாப்பாவே அவனிடம் சொல்ல வேண்டும்: "சட்டம் அப்படி, உன் மேல ஒரு தப்பும் இல்லை, உன்னை அனுப்பின அன்னைக்கு நான் ரூமுக்கு வந்து அழுதேன்." அழுதிருந்தால் அதைச் சொல்வதில் வெட்கம் என்ன? தினமும் போனில் "ஒழுங்கா இரு, உம்மா பேச்சைக் கேளு" என்று மட்டும் சொல்லாமல், கணக்குப் பாடமோ கிரிக்கெட்டோ இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஒன்று இருக்கட்டும்.

பள்ளி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை பிள்ளையை அவன் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், தெரியாததற்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்று 2006ல் சட்டம் வந்தது, நல்ல சட்டம், அவன் தமிழ் படிக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுகிற பையனை, எழுத வரவில்லை என்பதற்காகச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வைத்தால் அவன் வீட்டுக்கு வந்து சாமானை எறியத்தான் செய்வான். சாயங்காலம் ஒரு மணி நேரம் தனியாக எழுத்துக் கற்றுக்கொடுக்க ஒரு ஆளைப் பிடியுங்கள், தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

தம்பியிடம் அடி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இருக்கிற ஒரே ஆண் துணை மாமாதான், அவரும் அடித்தால் பையன் யாரிடம் போவான்? கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகச் சொல்லுங்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாகப் போகிறேன் என்று பேசுவது, சாப்பாட்டை விட்டுவிடுவது என்று எதையாவது பார்த்தால் தாமதிக்காமல் ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14416க்குப் போன் பண்ணினால் இலவசமாகத் தமிழிலேயே பேசுவார்கள்.

கேள்வி: நான் நர்ஸ். இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. மகளுக்கு இரண்டு வயது. என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய், பள்ளிக்கூட வயது வந்ததும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். போகலாமா?
— வள்ளியூர்

பதில்: போங்கள், உங்கள் சம்பாத்தியம் உங்கள் உரிமை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நர்ஸ் என்றால் கணவரையும் பிள்ளையையும் கூட்டிப் போக வழி உண்டு. பராமரிப்புப் பணியாளர் என்று இருந்தால், 2024 மார்ச் 11க்குப் பிறகு விண்ணப்பித்தவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது, 2025 ஜூலையோடு அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்னமும் அதற்குப் பணம் கேட்கிற ஏஜெண்ட் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நர்ஸ் விசாதான் என்றால் பள்ளிக்கூட வயது வரை ஏன் தள்ளுகிறீர்கள்? சீனக் குடும்பங்கள் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள். பிரிந்திருந்து சேர்ந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளில், பிரிவு நீள நீளப் பிள்ளைகளுக்குக் கவலையும் சோர்வும் அதிகம், சேர்ந்த புதிதில்தான் ரொம்பத் தெரியும், பிறகு வருஷங்கள் போகப் போகக் குறையும். மூன்று வருஷம் கழித்து வந்து கூப்பிடும்போது அவளுக்கு அம்மா என்றால் உங்கள் அம்மாதான். அப்போது அவளை விமானத்தில் ஏற்றினால், உங்களுக்கு அது சேருகிற நாள், அவளுக்கு அம்மாவைப் பிரிகிற நாள். அங்கே போய் வீடும், குழந்தையைப் பார்க்க ஆளும் அமைய சில மாதம் ஆகும்தான், அந்த அளவோடு முடித்துக்கொள்ளப் பாருங்கள். அதுவரை ஒரே ஆள், ஒரே வீடு, இந்த வாரம் இங்கே அடுத்த வாரம் பெரியம்மா வீட்டில் என்று மாற்றாதீர்கள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அவள் தூங்கட்டும் என்று காத்திருந்து நழுவாதீர்கள். விழித்திருக்கும்போது சொல்லிவிட்டுப் போங்கள், அழட்டும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு மாணவி வருகிறாள். நன்றாகப் படிப்பாள். ஒரு விண்ணப்பம் நிரப்பும்போது குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுத என்று வகுப்பில் வைத்துக் கேட்டேன், அன்றிலிருந்து வாயே திறப்பதில்லை, அடிக்கடி லீவு. "முகாம் பிள்ளைங்களே அப்படித்தான்" என்கிறார் உடன் வேலை செய்பவர். அவள் அம்மாவே 1991ல் இங்கே பிறந்தவராம். பின்னே ஏன் இந்தியர் இல்லை?
— திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள், சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், இரண்டு பேரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் என்ற வகையில் சேராதவராகவும் இருக்க வேண்டும். உங்கள் மாணவியின் ஆச்சி 1990 வாக்கில் படகேறி வந்திருப்பார். அம்மா 1991ல் பிறந்ததால் முதல் விதியை நாலு வருஷத்தில் தவறவிட்டார். அம்மாவும் இந்தியர் இல்லை, அப்பாவும் அப்படியே என்றால் மகளும் இல்லை. 1983ல் அகதிகள் வரத் தொடங்கினார்கள்; 1987 ஜூலை முதல் இங்கே பிறந்து, இங்கே படித்து, நம் ஊர்ப் பேச்சுப் பேசி வளர்ந்த இரண்டு தலைமுறைக்கு இதுதான் நிலைமை. 2019ல் திருத்தம் வந்தபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சேர்த்தார்கள், இலங்கையைச் சேர்க்கவில்லை. அதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

நல்லது கொஞ்சம் நடந்திருக்கிறது. 2021ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பேரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றாக்கியது. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, 1987க்கு முன் பிறந்தவர் என்பதால் இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. குடியுரிமை அதில் இல்லை, என்றாலும் பிடித்துவிடுவார்களோ என்கிற பயம் ஒரு படி இறங்கும்.

அந்தப் பிள்ளையின் லீவு எந்தத் தேதிகளில் வருகிறது என்று பாருங்கள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளாக இருக்கலாம், அன்றைக்கு வீட்டில் இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும் என்று பயப்படுவார்கள். பதினாலு வயதில்தான் பிள்ளைகளுக்கு இது உறைக்கிறது, படிப்புக்கு அப்புறம் என்ன என்று கணக்குப் போடும் வயது. வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டதற்கு அவளிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பெரிதாக்க வேண்டாம். இனி அந்தக் கட்டத்தை வகுப்பில் நிரப்பாதீர்கள், எல்லாப் பிள்ளைகளின் விண்ணப்பத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நிரப்பினால் அவள் மட்டும் தனியாகத் தெரிய மாட்டாள். "முகாம் பிள்ளைங்க" என்று சொன்ன அந்த ஆசிரியருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அவள் அம்மா பள்ளிக்கு வந்தால் நிற்க வைத்துப் பேசாமல், நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். தன் பிறப்புச் சான்றிதழ், தன் பெற்றோர் வந்திறங்கியபோது பதிந்த அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரு உறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவின் அம்மா அப்பா யாராவது மலையகத் தோட்டத்துக்குப் போன இந்திய வம்சாவளியா, அந்தக் காலத்தில் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவர்களா என்றும் கேளுங்கள், பலருக்கு வீட்டில் அந்தப் பழைய காகிதம் இருக்கும், அது வழக்கையே மாற்றலாம். திருநெல்வேலி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள்.